பழைய வண்டியின் விலை

பழைய மோட்டார் வண்டியொன்றுக்குப் பெருஞ்செலவு வந்து சேரும்போது, அதனைத் திருத்துவதா விற்றுத் தீர்ப்பதா என்ற கேள்வி, ஒரு வீட்டின் வரவு செலவுக் கணக்கோடு முடிந்துவிடும் சிறு விடயமாகவே பலருக்கும் தோன்றும். இலக்கியச் சஞ்சிகையில் இதனைப் பேசுவானேன் என்று வாசகர் கேட்பதும் நியாயமே. ஆயின் அண்மையில் இக்கேள்வி எமது வீட்டிலேயே எழுந்தபொழுது, விடை தேடிப் புறப்பட்ட நாம் கணக்குப் புத்தகத்தை விட்டு வெகுதூரம் செல்ல நேர்ந்தது. நாட்டின் அந்நியச் செலாவணி, போர்க்காலத்து மண்ணெண்ணெய், இரவில் ஓடாத பஸ், கற்பாரின்றி அருகிவரும் ஒரு கைத்தொழில் ஆகிய யாவும் அந்த விடையின் உறுப்புகளாக அமைந்தன. தனிமனிதர் தமது பணப்பையைத் திறந்து எடுக்கும் முடிவுகளுள் எத்துணை பங்கு அவருடையது, எத்துணை பங்கு சமுதாயம் முன்னரே எடுத்து வைத்தது என்பதை ஆராய்வதற்கு இதனினும் எளிய உதாரணம் கிடைப்பது அரிது.

எம்மிடம் உள்ளது 1957ஆம் ஆண்டில் இந்நாட்டுக்கு வந்திறங்கிய மொறிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் என்ற பொறியியலாளர் வடிவமைத்து 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்த இனம் அது. 1970களின் தொடக்கம் வரை 16 இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன. செல்வருக்கென அன்றி, ஆசிரியரும் தாதியரும் எழுதுவினைஞரும் வாங்கத்தக்கதாக எண்ணிச் செய்த வண்டி. ஆசிரியராயிருந்த எமது தந்தையார் அதனை இன்னொருவர் ஓட்டிக் கழித்த வண்டியாகவே வாங்கினார். நாமும் அத்தொழிலிலேயே இருந்து ஓய்வுபெற்றோம். வலிகாமத்துக் கிராமமொன்றில், கடற்காற்று வந்து படியும் கொட்டிலொன்றில் அது இன்றும் நிற்கிறது.

சென்ற ஆண்டு தொடக்கம் அதன் பின்னாலே நீலப் புகை கிளம்பிற்று. பெற்றோல் நிரப்புந்தோறும் எஞ்சின் எண்ணெயும் வார்க்க வேண்டியதாயிற்று. தரைத்தகட்டில் ஓரிடத்தில் துரு அரித்து நிலம் தெரிந்தது. மெக்கானிக் வந்து பார்த்து எழுதித் தந்த தொகை, எமது ஓய்வூதியத்தில் எட்டு மாதத்துக்கு உரியது. அத்தொகை எம்மிடம் இல்லாமல் இல்லை. ஆனால் அது வீட்டுக் கூரைக்கென ஒதுக்கியது. சமையற்கட்டுப் பக்கத்து வளைகளைக் கறையான் தின்று வருகிறது. ஐப்பசி மழைக்கு முன் அவற்றை மாற்றியாக வேண்டும். கூரையா, காரா என்பதே எம்முன் நின்ற கேள்வி.

எம்மோடு கற்பித்த நண்பர் ஒருவர் கணக்கில் வல்லவர். அவர் தயக்கமின்றி விடை தந்தார். திருத்தும் செலவு வண்டியின் விலையிற் பாதியைத் தாண்டுமாயின் விற்றுவிடு என்பது அவர் விதி. பலரும் ஒப்புக்கொண்ட விதியே அது. ஆயினும் அவ்விதியின் உயிர்நாடி ‘வண்டியின் விலை’ என்ற சொற்களில் அன்றோ இருக்கிறது? அந்த விலை எங்கிருந்து பிறந்தது?

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியின் காரணமாக மோட்டார் வண்டி இறக்குமதி இறுகக் கட்டுப்படுத்தப்பட்டது. அதற்கு முன் வந்திறங்கிய மொறிஸ்களும் ஒஸ்ரின்களும் தமக்கு விதித்த ஆயுளுக்கு அப்பாலும் ஓட வேண்டியவையாயின. 1977இன் பின்னர் பொருளாதாரம் திறந்துவிடப்பட, யப்பானிய வண்டிகள் வந்து குவிந்தன. ஆங்கில வண்டிகள் கொட்டில்களில் ஒதுங்கின. 2020 மார்ச்சில் இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. 2022 ஏப்பிரிலில் அரசு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்திற்று. ஏறக்குறைய 200 ரூபாவாயிருந்த டொலர் 360 ரூபா வரை சென்றது. அவ்வாண்டு யூன் 26ஆம் திகதி ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபாவாயிற்று. அடுத்த மாதம் பெற்றோல் வாரப் பங்கீடாயிற்று. தனியார் பாவனைக்கான வண்டிகளின் இறக்குமதி 2025 பெப்ரவரி 1ஆம் திகதிதான் மீளத் தொடங்கியது.

இடைப்பட்ட அந்த ஐந்தாண்டுகளில் எமது வாசலுக்கு வந்த தரகர் ஒவ்வொரு முறையும் முன்னையதிலும் கூடிய விலை சொன்னார். அதே ஐந்தாண்டுகளில்தான் தரைத்தகட்டிலே துளையும் விழுந்தது. துரு வளர விலையும் வளர்ந்தது! வண்டியின் நலிவைக் காட்டாத ஓர் எண்ணைக்கொண்டு வண்டியின் நலிவுக்குரிய செலவை அளத்தல் எங்ஙனம்? சந்தை விலை என்பது வண்டியின் குணம் அன்று. திறைசேரியின் நிலையும் வர்த்தமானி அறிவித்தலும் சேர்ந்து எழுதிய குறிப்பு அது. திருத்தும் செலவை ஒப்பிட வேண்டியது அந்த விலையோடு அன்று. அவ்வண்டி செய்யும் வேலையோடும், அதே பணத்துக்கு வேறு எதைக்கொண்டு அவ்வேலையைச் செய்விக்கலாம் என்பதோடுமே ஒப்பிட வேண்டும் என்று நாம் நண்பருக்குச் சொன்னோம்.

வண்டி செய்யும் வேலை யாது? எமது இல்லாள் இங்கே தலையிட்டார். “கதையை விட்டிட்டு எழுதிப் பாருங்கோ. போன வரியம் இது எங்கையெல்லாம் போனது? ஆருக்குப் போனது?” என்று கேட்டார். பெற்றோல் கணக்கு எழுதும் அப்பியாசக் கொப்பி எம்மிடம் இருந்தது. இருவரும் இருந்து எண்ணினோம். ஓராண்டில் 63 பயணங்கள். அவற்றுள் 25 எமக்காகச் சென்றவை. எஞ்சிய 38 அயலவருக்காகச் சென்றவை. அந்த 38இல் 22 வைத்தியசாலைக்கு; 9 பரீட்சை நிலையங்களுக்குப் பிள்ளைகளைக் கொண்டு சென்றவை; 7 நன்மை தீமைகளுக்கு.

வைத்தியசாலைக்கு அம்புலன்ஸ் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் இலவசச் சேவை 2018 முதல் வட மாகாணத்திலும் நடைபெறுகிறது. பல உயிர்களைக் காத்த நற்சேவை. ஆயின் அது அவசர நோயாளியை ஏற்றிச் செல்வதற்கு உரியது. மாதந்தோறும் கிளினிக்குக்குச் செல்லும் நீரிழிவு நோயாளியை அது ஏற்றாது. துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பப்படுபவரைத் திரும்பக் கொண்டுவந்தும் விடாது. முச்சக்கர வண்டி இல்லையா என்றும் கேட்கலாம். அதுவும் உண்டு. இடுப்பெலும்பு முறிந்து தகடு வைத்த முதியவரை எமது ஒழுங்கையின் குன்று குழிகளூடே முச்சக்கர வண்டியில் இருத்திக் கொண்டுவந்து பார்த்தவர்கள் இரண்டாம் முறை அதனைச் செய்யத் துணியார்.

இனி வண்டியின் நோய்க்கு வருவோம். அதனை நாம் முதுமை என்றே எண்ணியிருந்தோம். மெக்கானிக் அவ்வாறு எண்ணவில்லை. அவர் நான்கு உருளைகளிலும் அமுக்கத்தை அளந்தார். பின்னர் ஒவ்வோர் உருளையினுள்ளும் ஒரு கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு மீண்டும் அளந்தார். எண்ணெய் விட்டபின் அளவு உயருமாயின் தேய்ந்திருப்பது பிஸ்டன் றிங்குகளும் உருளைச் சுவருமாகும்; உயராவிடின் குற்றம் வால்வுகளில் உள்ளது. எமது வண்டியில் அளவு நன்றாக உயர்ந்தது.

“மாஸ்டர், இது வயசால வந்த தேய்வில்லை. மண்ணெண்ணெய் குடிச்ச தேய்வு” என்றார் அவர்.

1990 யூனிற் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைசெய்யப்பட்டது. பற்றறிகளும் உதிரிப் பாகங்களும் அங்ஙனமே. மண்ணெண்ணெய் மாத்திரம் அளவாகவும் கொள்ளை விலைக்கும் கிடைத்தது. காபரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினைக் கிளப்பிச் சூடாக்கி, பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் வித்தையை அக்காலத்துச் சாரதிகள் கைக்கொண்டனர். குறைந்த அமுக்கமுடைய பழைய ஆங்கில எஞ்சின்கள் அதனைச் சகித்தன. ஆயினும் சகித்ததற்கு விலை உண்டு. எரியாத மண்ணெண்ணெய் றிங்குகளின் இடைவெளியால் இறங்கி எஞ்சின் எண்ணெயோடு கலந்து அதனை நீர்க்கச் செய்யும். நீர்த்த எண்ணெய் உராய்வைத் தடுக்காது. கரி வேறு படியும். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது, நோயுற்றிருந்த எமது தாயாரையும் அயல்வீட்டுக் கைக்குழந்தைகள் இரண்டையும் ஏற்றிக்கொண்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தது இந்த எஞ்சின்தான். நடந்தோரைவிட விரைவாக அன்று அது செல்லவில்லை. 2002இல் கண்டி வீதி திறந்தபின் கொழும்பிலிருந்து றிங்குகளை மட்டும் தருவித்து மாற்றினோம். அன்று கையிலிருந்த பணம் அவ்வளவுக்கே போதியது. தேய்ந்த உருளைகள் தேய்ந்தபடியே இருந்தன. எனவே இன்று எம்மிடம் கேட்கப்படும் தொகை 1990களின் கடன், நம் காலத்தில் அறவிடப்படுகிறது எனலாம். போர் இடித்த வீடுகளுக்கு மதிப்பீடுகள் நடந்தன. போர் தேய்த்த உருளைகளை எவரும் மதிப்பிட்டதாக அறியோம்.

ஆயின் இவ்விடத்தில் நாம் எம்மையே எச்சரித்துக்கொண்டோம். தாயாரைச் சுமந்த வண்டி என்ற நன்றி, பணம் கொடுப்பதற்குக் காரணம் ஆகாது. நன்றியே காரணமாயின் அதனைக் கழுவித் துடைத்துக் கொட்டிலில் நிறுத்தி வைத்தாற் போதும், எஞ்சின் வேண்டியதில்லை. மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய சாமர்த்தியத்தை மெச்சிப் பேசுவதிலும் ஓர் ஆபத்து உண்டு. கியூபாவின் தலைநகரில், 1959ஆம் ஆண்டுப் புரட்சிக்கு முன் வந்த அமெரிக்க வண்டிகள் வேற்று எஞ்சின்கள் பொருத்தப்பட்டு இன்றும் ஓடுகின்றன. உல்லாசப் பயணிகள் அவற்றைப் படம் பிடித்து மகிழ்கிறார்கள். 1962இல் விதிக்கப்பட்ட வணிகத் தடை அந்தப் படத்தில் விழுவதில்லை. மக்களின் திறமையைப் போற்றுவோம். அத்திறமையை அவர்களிடம் பலவந்தமாய்ப் பிடுங்கிய நிலைமையைப் போற்றுதல் தகாது.

வண்டிக்கு எதிரான நியாயங்களும் வலியனவே. மொறிஸ் மைனரின் பிறேக் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே குழாய்த் தொடரால் இயங்குவது. ஓரிடத்தில் ஒழுகினால் கால்மிதி முழுவதும் பயனற்றுப் போகும். ஆசனப் பட்டிகள் அதனோடு வரவில்லை. முன்சக்கரத்தைத் தாங்கும் திருகு மூட்டுக்குக் காலந்தவறாது கிறீஸ் இடாவிட்டால், ஒருநாள் அது கழன்று சக்கரம் சரிந்துவிடும். தனிச் சட்டகம் இல்லாது உடலே சட்டகமாய் அமைந்த வண்டியாதலின், அடித்தகட்டின் துரு அழகுக் குறைவு மட்டுமன்று. எலும்புருக்கி நோய்க்கு ஒப்பானது. நோயாளியை ஏற்றுவதே அதன் பெருமையெனில், அந்நோயாளியை இத்தகைய வண்டியில் ஏற்ற எமக்கு என்ன உரிமை? இக்கேள்வியைத் தட்டிக்கழித்து எஞ்சினைப் பற்றி மட்டும் பேசுவது பொறுப்பாகாது.

இளம் ஆசிரியர் ஒருவர் வேறோர் எதிர்ப்பை எழுப்பினார். 1958 சனவரி 1ஆம் திகதி பஸ் போக்குவரத்துத் தேசியமயமாக்கப்பட்டதை வரவேற்ற மரபில் வந்தவர்கள், தனியொருவரின் காருக்கு வக்காலத்து வாங்கலாமா என்பது அவர் வாதம். பொதுப் போக்குவரத்தே தீர்வு என்பதில் எமக்கு ஐயமில்லை. எமது ஒழுங்கையின் முனையில் இரவு பத்து மணிக்கு ஒரு பஸ் நிற்குமாயின், முதியவரும் ஏறத்தக்க தாழ்ந்த படியோடு நிற்குமாயின், அந்த 38 பயணங்களிற் பெரும்பாலானவை வேண்டியதில்லை. அந்த பஸ்ஸுக்காகக் கேட்பதை நாம் நிறுத்தப் போவதுமில்லை. ஆனால் அது வரும்வரை கிளினிக் நாள் காத்திராது. இல்லாத பஸ்ஸின் பெயரால் இருக்கும் காரை விற்றுவிடுவது கொள்கையைக் காக்குமேயன்றி, அயல்வீட்டுக் கிழவியாரைக் காவாது.

இனி, பணம் எங்கே செல்கிறது என்று பார்ப்போம். விற்ற பணத்தோடு கூரைப் பணத்தையும் சேர்த்து இன்னொரு வண்டி வாங்கினால், அதுவும் பிறர் ஓட்டிக் கழித்ததாகவே இருக்கும். அதன் நோய் எமக்குத் தெரியாது. அதன் உதிரிப் பாகங்கள் கப்பலில் வர வேண்டும். மொறிஸின் நோயோ எமக்கும் மெக்கானிக்குக்கும் நன்கு தெரிந்தது. அவர் எழுதித் தந்த தொகையிற் பெரும்பங்கு கைவேலைக்கு உரியது: உருளைகளைக் கடைந்து அகலப்படுத்துவது, துருவை வெட்டியெடுத்துப் புதிய தகடு ஒட்டுவது, பிறேக்கை முற்றாகப் பிரித்துச் சேர்ப்பது. அப்பணம் ஒழுங்கைக்கு ஒழுங்கை சுற்றி மீண்டும் எமது சந்தையிலேயே வந்து விழும்.

இது எமது கற்பனையன்று. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர்களைத் திருத்தும் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயர் என்பவர், 1982இல் வெளியிட்ட நூலொன்றில், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வண்டியை மாற்றி இழக்கும் பெறுமதியை, நீடித்து உழைக்கும் ஒரே வண்டியைப் பேணுவதிற் செலவிடுவதே சாதாரண வருமானமுடையோருக்கு இலாபம் என வாதிட்டார். அவருடைய முயற்சியோடு தொடர்புற்று, 1990களில் மொறிஸ் மைனரின் உடற்பாகங்கள் இலங்கையிலேயே செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டன. ஒருகாலத்தில் அங்கிருந்து முழு வண்டியும் இங்கு வந்தது. பின்னர் அவ்வண்டியின் தகடுகளை எமது நாட்டுத் தொழிலாளர் தட்டி வளைத்து அங்கே அனுப்பினர். அங்குள்ளோர் கைவிட்ட அறிவு இங்கு உயிரோடிருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

அந்த அறிவு இன்று எத்துணை பேரிடம் உள்ளது? எமது மெக்கானிக்குக்கு வயது அறுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. பதினான்காம் வயதில் ஒரு கராஜில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கச் சேர்ந்தவர். போர் அவரிடமிருந்து இரண்டு மாணாக்கரை வெளிநாட்டுக்கு அனுப்பிற்று; வறுமை மூன்றாமவரை முச்சக்கர வண்டிக்கு அனுப்பிற்று. இப்பொழுது தனியாகவே வேலை செய்கிறார். “எனக்குப் பிறகு இதை ஆர் திறக்கிறது, மாஸ்டர்? இப்ப வாற வண்டியளுக்குப் பெட்டியைக் கழட்டிப் புதுப்பெட்டி பூட்டினால் காணும்” என்று அவர் சொன்னதில் கசப்பு இல்லை, செய்தி மட்டுமே இருந்தது. பாடசாலைகளில் 2013 முதல் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு உண்டு. அங்கே படத்தில் பிஸ்டனைக் கற்ற மாணவர் பலர், உண்மையான பிஸ்டனைக் கையில் ஏந்தியதில்லை.

இவையனைத்தையும் வைத்து நாமும் இல்லாளும் முடிவொன்றுக்கு வந்தோம். வண்டியைத் திருத்துவது, ஆனால் எழுதித் தந்த வரிசையிலே அன்று. முதலாவது அடித்தகடு, இரண்டாவது பிறேக்கும் முன்சக்கர மூட்டுகளும், அவற்றோடு நான்கு ஆசனப் பட்டிகள். தகட்டை வெட்டிப் பார்க்கும்போது துரு உடலின் தாங்கு உறுப்புகள் வரை சென்றிருப்பது தெரியுமாயின், அவ்விடத்திலேயே வேலையை நிறுத்தி வண்டியை உதிரிப் பாகங்களுக்கு விற்பது. உடல் உறுதியெனக் கண்ட பின்னரே எஞ்சினைத் திறப்பது. ஓடுவது எளிது, நிற்பதே அரிது என்ற வண்டிக்கு முதலில் நிற்கக் கற்பிக்க வேண்டும் அன்றோ?

கூரையைக் கைவிடவில்லை. கறையான் தின்ற சமையற்கட்டுப் பக்கத்து வளைகளை மட்டும் இவ்வாண்டு மாற்றுகிறோம். எஞ்சிய பகுதி வரும் ஆண்டுக்கு. எஞ்சின் வேலைக்குரிய கூலியை மூன்று தவணைகளாகப் பெற மெக்கானிக் இசைந்தார். கிளினிக் பயணங்களுக்கு அயலவர் இதுவரை விரும்பியதைத் தந்தனர், தராதாரும் உண்டு, அம்முறை அப்படியே நிற்கட்டும் என்றார் இல்லாள். மாதந்தோறும் ஒரு சிறு தொகையை வண்டிக்கென ஒதுக்கி அதே அப்பியாசக் கொப்பியில் எழுதி வருவதென்றும் தீர்மானித்தோம். அடுத்த பெருஞ்செலவு வரும்போது அது கூரையோடு மோத வேண்டியதில்லை.

மெக்கானிக்கிடம் நாம் ஒரு நிபந்தனை மட்டும் வைத்தோம். எஞ்சினைத் திறக்கும் வேலை பாடசாலை விடுமுறையில் நடைபெற வேண்டும். தொழினுட்பப் பிரிவில் கற்கும் எமதூர்ப் பிள்ளைகள் நால்வர் அருகில் நிற்க வேண்டும். அவர் சற்று யோசித்துவிட்டு, “நிக்கலாம். ஆனால் சும்மா பாத்துக்கொண்டு நிக்கேலாது, கை ஊத்தையாக வேணும்” என்றார். அவர் நிபந்தனை எம்முடையதிலும் சிறந்தது என ஒப்புக்கொண்டோம். கேட்ட நால்வருள் ஒருத்தி பெண்பிள்ளை. அவளே முதலாவதாகப் பெயர் கொடுத்தாள்.

கணக்கறிந்த நண்பர் இன்னும் எமது முடிவை ஏற்கவில்லை. வண்டி ஐந்தாண்டுக்கு மேல் ஓடாது என்கிறார். இருக்கலாம். ஐந்தாண்டு என்பது எமது கொப்பியின் கணக்கில் நூற்றுக்கு மேற்பட்ட வைத்தியசாலைப் பயணங்கள். உருளையொன்றின் தேய்வை விரல் நுனியால் உணரத் தெரிந்த நான்கு இளைஞர்கள். அதற்குள் அந்த இரவு பஸ்ஸும் வந்துவிடுமாயின், வண்டியை விற்கும் நாளில் நாம் வருந்தப் போவதில்லை.